பழைய ஹைலக்ஸ் 2.5 டீசலை அள்ளிக் குடிக்குது – இன்ஜெக்டர் மாத்துறதுக்கு முன்ன எதையெல்லாம் பார்க்கணும்?

பந்தல்_பிஎம் (புக்கிட் மெர்தாஜாம்)

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட இருக்கிறது 2009 டொயோட்டா ஹைலக்ஸ் 2.5 பிக்கப், ஃபோர் வீல், மேனுவல் கியர். பானட்ல ஸ்கூப் இல்லாத பழைய மாடல். கெனோப்பி, மேசை, நாற்காலி வாடகைக்கு விடுற தொழில். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, கருமகிரியைன்னு பிறையிலேர்ந்து பாலிக் பூலாவ் வரைக்கும் ஓடும்.

முன்ன லிட்டருக்குப் பத்து, பத்தரை கிலோமீட்டர் கொடுத்த காடி இப்ப ஏழரையைத் தாண்ட மாட்டேங்குது. டீசல் 2 வெள்ளி 15 காசா இருந்தப்ப இது பெருசா உறைக்கல. 2024 ஜூன் 10-ல 3 வெள்ளி 35 காசுன்னு ஏத்தினாங்களே, அன்னிலேர்ந்து கையைக் கடிக்குது. காடி என் பேர்ல இருக்கிறதால பூடி மடானின்னு அரசாங்கம் கொடுக்கிற டீசல் உதவித்தொகை மாசாமாசம் வருது, 2024-ல தொடங்கினப்ப 200 வெள்ளி. கல்யாண சீசன்ல அது எந்த மூலைக்கு?

ஒரு பட்டறையில காட்டினேன். சத்தத்தைக் கேட்ட உடனே "நாலு இன்ஜெக்டரும் போச்சு, மொத்தமா மாத்திடுங்க"ன்னாங்க. ஸ்கேனர் போடல, எதையும் கழட்டிப் பார்க்கல. சொன்ன விலையைக் கேட்டா அந்தக் காசுக்கு நான் புதுசா ஒரு செட் கெனோப்பியே வாங்கிடலாம். இன்னொரு பக்கம், டீசல் குழாய்ல மாட்டுற காந்தம் ஒண்ணு வாங்கிப் போடச் சொல்லி நண்பர் ஒருத்தர் நச்சரிக்கிறார்.

விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

டிரைட்டன்_கூலிம்

அண்ணே, டீசல்தான் காரணம். பாமாயில் கலக்க ஆரம்பிச்சதுலேர்ந்து எல்லா டீசல் காடிக்கும் இதே கதைதான். என் டிரைட்டனும் முன்ன மாதிரி ஓடல.

ஜூரு_தம்பி

கூலிம் அண்ணா, அதில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவு ரொம்பச் சின்னது. டீசலில் கலக்கும் பாமாயில் எஸ்டரில் ஒரு லிட்டருக்கு இருக்கும் சக்தி, சாதா டீசலைவிட ஏழெட்டு விழுக்காடுதான் குறைவு. பத்தில் ஒரு பங்கு கலந்த பி10-ஐ ஊற்றினாலும் மொத்த இழப்பு ஒரு விழுக்காட்டை எட்டாது. பத்தரை ஓடின காடி 10.4 ஓடும், அவ்வளவுதான். ஏழரைக்கு இறங்குவதற்கு அது காரணமாகாது.

பந்தல் அண்ணா, டயர் என்ன சைஸ்? கதவோரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறது? இப்போது ஓடுவது என்ன? இரண்டையும் பார்த்துச் சொல்லுங்கள். மைலேஜை எப்படி அளந்தீர்கள் என்பதும் தெரிய வேண்டும்.

பந்தல்_பிஎம்

தம்பி, ஸ்டிக்கர்ல 255/70 ஆர்15. இப்ப ஓடுறது 265/75 ஆர்16, மட் டயர். மகன் ஆசைப்பட்டு ரிம்மோட மாத்தினது, ரெண்டு வருஷத்துக்கு மேல ஆகுது. அளவு எடுக்கிறது, எப்பவும் ஒரே ஸ்டேசன்ல ஃபுல் டேங்க் அடிச்சு, அடுத்த ஃபுல் டேங்க்ல மீட்டரைப் பார்த்து வகுக்கிறேன்.

ஜூரு_தம்பி

அளக்கும் முறை சரி. ஆனால் மீட்டரே இப்போது உங்களுக்குக் குறைத்துக் காட்டுகிறது. கணக்கைப் பாருங்கள்.

பழைய டயரின் விட்டம் 738 மில்லிமீட்டர், புதியது 804. வித்தியாசம் ஏறக்குறைய 9 விழுக்காடு. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்று மட்டும்தான் மீட்டருக்குத் தெரியும். ஒவ்வொரு சுற்றிலும் காடி 9 விழுக்காடு கூடுதல் தூரம் போகிறது என்று அதற்குத் தெரியாது. ஆகவே உங்கள் ஏழரை உண்மையில் 8.2 பக்கம் இருக்கும். சந்தேகமாக இருந்தால் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல்லைப் பார்த்து டிரிப் மீட்டரை அழுத்துங்கள். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கல்லருகே மீட்டர் 9.2 என்று நிற்கும். வேக மீட்டரும் அதே அளவு குறைத்துத்தான் காட்டும், சம்மன் விஷயத்தில் கவனம்.

அதற்காக டயர் குற்றமற்றது என்று சொல்ல வரவில்லை. மட் டயரின் பெரிய கட்டைகள் தார்ச்சாலையில் நசுங்கி நிமிர்வதில் சக்தி வீணாகிறது. ரிம்மும் டயரும் கனம் கூடியவை, ஜாமில் நின்று நின்று கிளம்பும்போது அந்தக் கனத்தை ஒவ்வொரு முறையும் உருட்டிவிட வேண்டும். விட்டம் கூடியதால் கியரும் நீண்டுவிட்டது. ஐந்தாம் கியரில் இன்ஜின் திணறுவதால் நான்கிலேயே ஓட்டுகிறீர்களா?

பந்தல்_பிஎம்

ஆமா தம்பி. சாமான் ஏத்தினா பினாங்கு பாலத்து மேட்டுல அஞ்சுல இழுக்க மாட்டேங்குது, நாலுதான்.

நவாரா_சுங்கை பக்காப்

டயரை விடுங்க. புகையில கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ள விடுற இஜிஆர்-ஐத் தகடு வெச்சு அடைச்சிடுங்க. என் நவாராவுல அடைச்சேன், மிதிச்சா பறக்குது. பழைய டீசல் எல்லாத்துக்கும் முதல் மருந்து அதுதான்.

பழைய ஃபோர்மன் (பட்டர்வொர்த்)

எல்லாரும் ஆளுக்கொரு மருந்து சொல்றீங்க, நோயாளியை இன்னும் யாரும் தொட்டுப் பார்க்கல. நான் டீசல் காடியிலயே காலத்தைக் கழிச்சவன். பந்தல் தம்பி, காசு செலவில்லாம நீங்களே பார்க்கக்கூடியது நாலைஞ்சு இருக்கு. நிதானமா ஒண்ணொண்ணா பாருங்க.

முதல்ல இன்ஜெக்டர். நாலும் போயிருந்தா காடி சும்மா இருக்காது. காலையில ஸ்டார்ட் பிடிக்க நேரம் எடுக்கும், நின்ன இடத்துல டக்கு டக்குன்னு தட்டும், ஐடில்ல நடுங்கும், புகை கக்கும். இதுல எது இருக்கு? சந்தேகம்னா ரிட்டர்ன் டெஸ்ட்னு ஒண்ணு இருக்கு. நாலு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாயையும் கழட்டி, தனித்தனி பாட்டில்ல விட்டு, இன்ஜின் ஓடுறப்ப எதுல டீசல் அதிகமா ரொம்புதுன்னு பார்க்கிறது. ஒண்ணு மட்டும் மத்ததைவிட வேகமா ரொம்பினா அந்த ஒண்ணுதான் தேய்ஞ்சிருக்கு. டெஸ்ட் பண்ணாம நாலையும் மாத்தச் சொல்ற இடத்துல காடியை விடாதீங்க.

அடுத்தது தெர்மோஸ்டாட், தண்ணிச் சூட்டுக்கு ஏத்த மாதிரி ரேடியேட்டர் வழியைத் திறந்து மூடுற வால்வு. நம்ம ஊர்ல ஒரு கெட்ட பழக்கம். காடி ஒரு தடவை சூடேறினா போதும், "இது குளிர் நாட்டுக்குத்தான் வேணும், இங்க வேணாம்"னு தெர்மோஸ்டாட்டைக் கழட்டி வீசிடுவாங்க. அதுக்கப்புறம் தண்ணி நிக்காம ரேடியேட்டரைச் சுத்திக்கிட்டே இருக்கும், இன்ஜின் சூட்டுக்கே வராது. இன்ஜின் இன்னும் குளிர்ல இருக்குன்னு நினைச்சு கம்ப்யூட்டர் அதுக்கேத்த மாதிரி டீசலைத் தள்ளும். ஆயிலும் கெட்டியாவே இருக்கும், அதைக் கலக்குறதுக்கே சக்தி போகும். இன்னொண்ணும் சொல்றேன், பட்டறைக்காரங்க பாதிப் பேருக்கு இது தெரியாது. பல டொயோட்டா இன்ஜின்ல தெர்மோஸ்டாட்டுக்கு அடியில ஒரு தட்டு இருக்கும். சூடானதும் அது இறங்கி, ரேடியேட்டருக்குப் போகாம தண்ணி திரும்புற பைபாஸ் வழியை அடைக்கும், அப்பத்தான் தண்ணி முழுசா ரேடியேட்டருக்குப் போகும். தெர்மோஸ்டாட்டே இல்லைன்னா அந்த வழி திறந்தே கிடக்கும். பாரம் ஏத்தி மலை ஏறினா, கழட்டின காடிதான் சீக்கிரம் சூடாகும்!

அப்புறம் பிரேக். நல்லா ஓட்டிட்டு வந்து நிறுத்தின உடனே நாலு ரிம்மு பக்கத்துலயும் கையைக் காட்டிப் பாருங்க, தொட வேணாம், சுடும். இடது வலதுல ஒண்ணு மட்டும் அனல் அடிச்சா அந்தச் சக்கரத்துல பிரேக் பிடிச்சுக்கிட்டே ஓடுது. அப்புறம் ஜாக்கி வெச்சுத் தூக்கி, கையால சுத்திப் பாருங்க.

முன்னாடி இருக்கிற ஃபேன். காலையில ஸ்டார்ட் பண்ணினதும் கொஞ்ச நேரம் லோரி மாதிரி இரைஞ்சிட்டு அடங்கினா நல்லது. நாள் பூரா இரைஞ்சா ஃபேன் கிளட்ச் இறுகிப்போச்சு, அது இன்ஜின் சக்தியைத் தின்னும்.

ஏர் ஃபில்டர், டர்போ ஓஸ் வெடிப்பு, டீசல் ஃபில்டர், டயர் காத்து, இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. உள்ள போற காத்தை அளக்கிற எம்ஏஎஃப் சென்சார் இருக்கிற காடியா இருந்தா அதுக்குன்னு விக்கிற ஸ்ப்ரேயில மட்டும் கழுவணும், பிரேக் கிளீனர் அடிக்கக் கூடாது.

நவாரா தம்பிக்கு: இஜிஆர் கரி பிடிச்சா கழட்டிக் கழுவுங்க, இன்டேக்கையும் சேர்த்துச் சுரண்டுங்க. அது நல்லது. தகடு வெச்சு அடைக்கிறது வேற. மிதிச்சா பறக்கிறது வேற, டீசல் மிச்சமாகிறது வேற. அடைச்சதுக்கு அப்புறம் லிட்டருக்கு எவ்வளவுன்னு அளந்தீங்களா?

நவாரா_சுங்கை பக்காப்

அளக்கல ஃபோர்மன். ஆனா ஓட்டுறவனுக்குத் தெரியும்.

பழைய ஃபோர்மன்

ஓட்டுறவன் கால் சந்தோஷமா இருந்தா நல்லா ஓடுதுன்னுதான் தோணும். ஃபுல் டேங்க் அடிச்சு அளந்துட்டு வாங்க, அப்ப பேசுவோம். அடைச்சா எரிப்புச் சூடு கூடும், நைட்ரஜன் ஆக்சைடு புகை கூடும். நம்ம பிள்ளைங்க சுவாசிக்கிற காத்து அது. எனக்கு அதுல சம்மதம் இல்ல.

நாற்றுப்பண்ணை (பாலிக் பூலாவ்)

நானும் பழைய டீசல் பிக்கப்தான், செடி, உரமண் மூட்டை ஏத்துறேன். இயந்திரத்தைப் பத்தி அண்ணன் சொல்லிட்டார். ஓட்டுறதுல ரெண்டு விஷயம் நான் சொல்றேன்.

தெலுக் பஹாங் வழியா மலை இறங்குறப்ப நிறைய பேர் ஃப்ரீ கியர்ல விடுறாங்க, டீசல் மிச்சமாகும்னு. நடக்கிறது நேர் எதிர். கியர்லயே விட்டுக் காலை எடுத்தா காமன் ரெயில் இன்ஜின் டீசலையே நிறுத்திடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுத்தும். ஃப்ரீ கியர்ல விட்டா இன்ஜின் அணையாம இருக்க டீசல் ஊத்திக்கிட்டே இருக்கணும். பிரேக்கும் சூடேறும். அந்த வளைவுகள்ல அது உயிரோட விளையாடுற வேலை.

ரெண்டாவது, நின்ன இடத்துல ஓட விடுறது. பந்தல் தம்பி, மண்டபத்து வாசல்ல சாமான் இறக்குற வரைக்கும் பையன்கள் ஏர்கோன் போட்டு உட்கார்ந்திருப்பாங்களே, அதைக் கவனிங்க. இந்த அளவு டீசல் இன்ஜின் ஏர்கோனோட சும்மா நின்னாலே மணிக்கு ஒரு லிட்டர் பக்கம் போகும். அதுல ஒரு கிலோமீட்டர் கூட நகரல, ஆனா உங்க கணக்குல விழுந்துடும்.

ஒரு நோட்டை டேஷ்போர்டுல வெச்சு, எண்ணெய் போடுற ஒவ்வொரு தடவையும் லிட்டர், மீட்டர், பாரம் இருந்ததா இல்லையான்னு எழுதுங்க. பாரத்தோட ஓடின டேங்கையும் வெறுங்காடியா ஓடின டேங்கையும் ஒண்ணா கலந்தா எதுவுமே புரியாது.

பந்தல்_பிஎம்

அக்கா சொன்னது அப்படியே உண்மை. தாமான்ல (குடியிருப்புப் பகுதியில) ஒரு வேலைன்னா காலையில எட்டு மணிலேர்ந்து இன்ஜின் அணையாது. இனிமே சாவியை நான் வாங்கி வெச்சுக்கிறேன்.

இன்னொண்ணு கேக்கணும். அடுத்த வேலைக்குத்தானே வேணும்னு இரும்புக் குழாயெல்லாம் பின்னாடியே கிடக்கும். அதையும் இறக்கணுமா?

ஜூரு_தம்பி

இறக்குங்கள் அண்ணா. நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும்போது கனம் அவ்வளவாகத் தெரியாது. பாயான் லெப்பாஸ் பக்கம் துன் டாக்டர் லிம் சொங் இயூ சாலையில் வேலை விடும் நேரத்தில் நின்று நின்று போகிறீர்களே, அங்கே ஒவ்வொரு கிலோவுக்கும் டீசல் கொடுக்கிறீர்கள். நெடுஞ்சாலையில் பகை காற்றுதான். 90-ல் போவதற்கும் 110-ல் போவதற்கும் காற்றின் எதிர்ப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிக்கப் பெட்டி வடிவம், தலைக்கு மேல் ஏணி ராக் வேறு இருந்தால் இன்னும் மோசம்.

மிச்சம் எவ்வளவு வரும் என்று ஒரு கணக்குப் போட்டேன். லிட்டருக்கு ஏழரை ஓடும் காடி எட்டரைக்கு ஏறினால் 1000 கிலோமீட்டருக்கு 15.7 லிட்டர் மிச்சம். பன்னிரண்டு ஓடும் காடி பதின்மூன்றுக்கு ஏறினால் 6.4 லிட்டர்தான். ஒரே ஒரு கிலோமீட்டர் முன்னேற்றம்தான் இரண்டிலும். நிறையக் குடிக்கும் காடியைச் சரிசெய்பவருக்குத்தான் லாபம் அதிகம். ஆகவே மனம் தளர வேண்டாம்.

பூடி 200 வெள்ளியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2.15-லிருந்து 3.35 என்றால் லிட்டருக்கு 1 வெள்ளி 20 காசு ஏற்றம். அந்த விலைக்கணக்கில் 200 வெள்ளி சுமார் 166 லிட்டருக்கான ஏற்றத்தைத்தான் ஈடுகட்டும். ஏழரை ஓடும் காடிக்கு அது 1250 கிலோமீட்டர். பத்து ஓடும் காடிக்கு 1660-க்கும் மேல். அதற்கப்புறம் விலை மாறிக்கொண்டுதான் இருக்கிறது, ஆனால் கணக்கின் போக்கு அதேதான். உதவித்தொகை எல்லாருக்கும் ஒன்றுதான், அது எவ்வளவு தூரம் வருகிறது என்பதைக் காடியின் நிலைதான் முடிவு செய்கிறது.

காந்தத்தை வாங்காதீர்கள். டீசல் காந்தத்துக்கு அடங்கும் பொருளே இல்லை. எண்ணெய் மிச்சப்படுத்தும் என்று விற்கப்படும் நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. குறிப்பிடத்தக்க மிச்சம் தரும் ஒன்றைக்கூட அது கண்டதில்லை.

பந்தல்_பிஎம்

ஃபோர்மன் அண்ணே, நீங்க சொன்னபடி பார்த்தேன். இன்ஜின் நடுக்கம் இல்ல, காலையில ஒரே பிடியில ஸ்டார்ட். பாரத்தோட மிதிக்கிறப்ப மட்டும் கொஞ்சம் கறுப்புப் புகை. ஃபேன் அடங்குது.

ஆனா ரெண்டு இடத்துல மாட்டிச்சு. ஜூரு தம்பிகிட்ட ப்ளூடூத் ஸ்கேனர் இரவல் வாங்கி மாட்டினேன். விடியக்காலை ஹைவேயில சுங்கை டுவா தாண்டியும் தண்ணிச் சூடு 66, 68-லயே நிக்குது. டோல்ல நின்னா 75-க்கு ஏறும், ஓட ஆரம்பிச்சா மறுபடி இறங்குது.

அடுத்தது முன்பக்கம் இடது சக்கரம். வலது ரிம்மு பக்கத்துல கையை வெச்சா வெதுவெதுன்னு இருக்கு, இடது பக்கம் அடுப்பு வாய் மாதிரி அனல். தூக்கிச் சுத்தினா அரைச் சுத்து கூடப் போகல, நின்னுடுது. வலது தாராளமா சுத்துது. சக்கரத்தைக் கழட்டிப் பார்த்தேன். உள்பக்கத்து பேட் இரும்பைத் தொடப் போகுது, வெளிப்பக்கத்து பேட்ல இன்னும் பாதிக்கு மேல இருக்கு. பிஸ்டனைச் சுத்தி இருக்கிற ரப்பர் ஒரு ஓரமா கிழிஞ்சு, உள்ள மண்ணும் துருவும் சேர்ந்து பழுப்புச் சேறா அப்பிக்கிடக்கு. பத்து ஃபெரிங்கி கடலோரத்துல அடிக்கடி வேலை, மணல்லயே இறக்குவோம்.

பழைய ஃபோர்மன்

அப்படிப் போடுங்க! ரெண்டும் கையில கிடைச்சிடுச்சு. அந்த இன்ஜின் பாரமில்லாம ஓடினா கூட 80-ஐத் தாண்டி நிக்கணும். 66-ன்னா ஒண்ணு தெர்மோஸ்டாட்டே உள்ள இல்ல, இல்லைன்னா திறந்த மேனிக்கு மாட்டிக்கிச்சு. ஒரிஜினலே வாங்குங்க, இதுல சிக்கனம் பார்க்காதீங்க.

பேடை அழுத்துற கேலிப்பரைக் கழட்டி பிஸ்டனை வெளியே எடுத்துப் பாருங்க. குரோம் மேல புள்ளி புள்ளியா குழி விழலைன்னா நைசா தேய்ச்சு, சீல் கிட் மட்டும் மாத்தினா போதும். குழி விழுந்திருந்தா பிஸ்டனையும் மாத்தணும், இல்லைன்னா புது சீலையும் அறுத்துடும். வலது பக்கத்துக்கும் சேர்த்தே பண்ணுங்க. பிரேக் ஆயிலைப் புதுசா மாத்தி, காத்து எடுத்துட்டுத்தான் ரோட்டுல ஏத்தணும். பிரேக் வேலையில கை பழக்கம் இல்லைன்னா பட்டறையில கொடுங்க, பக்கத்துல நின்னு பாருங்க.

ரெண்டு வேலையையும் ஒரே நாள்ல செய்யாதீங்கன்னு சொல்லத் தோணுது, எதுல எவ்வளவு மிச்சம்னு தனித்தனியா தெரியும். ஆனா பிடிச்சுக்கிட்டு ஓடுற பிரேக்கை விட்டு வைக்க முடியாது. முதல்ல அது.

பந்தல்_பிஎம்

ரெண்டும் முடிஞ்சது. தெர்மோஸ்டாட் மூடியைக் கழட்டினா உள்ள ஒண்ணுமே இல்ல அண்ணே, வெறும் ஓட்டை! இந்தக் காடியை நான் செகண்ட் ஹேண்டா எடுத்தது. எந்தப் பட்டறையில எப்ப உருவினாங்களோ. புதுசு போட்டதும் சூடு 83, 85-ன்னு அசையாம நிக்குது. கேலிப்பர்ல ஒரு பிஸ்டன் குழி விழுந்திருந்துச்சு, அதை மட்டும் புதுசா போட்டோம். எல்லாம் சேர்த்து, இன்ஜெக்டருக்குச் சொன்ன விலையில கால்வாசி கூட ஆகல.

அக்கா சொன்ன நோட்டுலயே எழுதுறேன், மீட்டரை ஜூரு தம்பி கணக்குப்படி திருத்தி. கேலிப்பர் முடிஞ்சதும் 8.2 ஒன்பதுக்கு ஏறிச்சு. தெர்மோஸ்டாட் போட்டு, இரும்பை இறக்கி வெச்சு, இன்ஜினை அணைச்சு வைக்க ஆரம்பிச்சதுக்கப்புறம் வெறுங்காடியா பத்து, பாரத்தோட ஒன்பதரை. பாரத்தோட பினாங்கு பாலத்து மேட்டுல இன்னும் நாலாம் கியர்தான். டயர் தேய்ஞ்சதும் ஸ்டிக்கர் சைஸுக்கே இறங்கிடலாம்னு இருக்கேன், மகன்கிட்ட பேசிட்டேன்.

ஜூரு_தம்பி

255/70 ஆர்15-க்கு ரிம்மையும் மாற்ற வேண்டி வரும். இப்போதிருக்கும் 16 அங்குல ரிம்மிலேயே 265/70 ஆர்16, தார்ச்சாலை டயர் போட்டால் விட்டம் 777. ஒரிஜினலைவிட 5 விழுக்காடு கூடுதல்தான். கியரும் ஓரளவு பழையபடி வரும். ரிம் செலவு மிச்சம்.

டிரைட்டன்_கூலிம்

இதைப் படிச்சிட்டு நானும் ஸ்கேனர் மாட்டினேன். கூலிம் ஹைவேயில என் டிரைட்டன் 70-ஐத் தாண்டல. ஃபோர்மன் அண்ணே, நேரா தெர்மோஸ்டாட் வாங்கிடலாமா?

பழைய ஃபோர்மன்

வாங்குறதுக்கு முன்ன மூடியைக் கழட்டி உள்ள ஒண்ணு இருக்கான்னு பாருங்க. இருந்தா வெளியே எடுத்து, அடுப்புல வெச்ச தண்ணியில கயிறு கட்டித் தொங்க விடுங்க. தண்ணி சூடாக சூடாகத் திறக்கணும், ஆறினா முழுசா மூடணும். பச்சைத் தண்ணியில கொஞ்சம் கூடத் திறந்து கிடந்தா அது செத்துப்போச்சு. சென்சார் பொய் சொல்லவும் வாய்ப்பு உண்டு, ராத்திரி பூரா நின்ன காடியில காலையில சாவியைத் திருப்பினா ஸ்கேனர் வெளிச் சூட்டை, 27, 28-ஐக் காட்டணும். அது சரியா இருந்தா சென்சார் பெரும்பாலும் நல்லாத்தான் இருக்கு.

மாட்டுறப்ப கேஸ்கெட் புதுசு போடுங்க. குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க, கூலண்ட்தான். காடியை மூக்கு மேடா நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து வெச்சு ஓட விட்டு, குமிழி நிக்கிற வரைக்கும் காத்தை வெளியேத்துங்க. அந்த ஓடுற நேரத்து டீசலுக்குக் கஞ்சத்தனம் பண்ண வேணாம்.